மோன் சான் மிஷேலில் நீ தவறவிடாத பஸ்

தம்பி,

பிரான்சில் ரென் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போவதற்கான படிவத்தை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நீ அனுப்ப வேண்டும். இன்று செவ்வாய். போகப்போவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமையே நீ சொல்லிவிட்டாய். அப்போது நான் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே எதையோ தேடுகிறவன் போல, "ஐ'ம் நாட் கோயிங், அம்மா" என்றாய். "ஏன் தம்பி? பிரெஞ்சில நீதானே வகுப்பில முதல்" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "ரிமெம்பர் தி பஸ்? ஒரு தீவில இருந்து உங்களை வெளிய கொண்டுவரவே எனக்குத் தெரியேல்லை. ஆறு மாசம் தனிய நிண்டு என்ன செய்யப்போறன்?" என்றாய். நானும் சிரித்தேன். பருப்பை அடுப்பில் வைத்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, அங்கிருந்த ஸ்டூலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதை உனக்கு நேரே சொல்ல இரண்டு தடவை முயன்றேன். திங்கள் காலை ரயிலுக்கு நடந்துபோகும்போது ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டின்போது ஒரு தடவை. இரண்டு தடவையும் வேறு எதையோ கதைத்துவிட்டேன். எனக்கு எழுதத்தான் வரும். நீ தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பாய், ஆனால் வாசிப்பாய். மெதுவாக வாசிப்பது இதற்கு நல்லது. இந்தக் கடிதத்தை முதலில் உனக்குத் தருகிறேன். நீ சரி என்று சொன்னால் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுப்பேன். என் வீட்டு விஷயத்தை நான் வெளியே கதைப்பதில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸைத் தவறவிட்ட கதையை உன் பிறந்தநாளில் சொல்லியிருக்கிறோம், கோயில் மண்டபத்தில் சொல்லியிருக்கிறோம், இங்கே ஆக்லாந்தில், பக்குரங்காவில் யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லியிருக்கிறோம். அத்தனை பேர் முன்னால் சொன்ன ஒரு பொய்யை உன்னிடம் மட்டும் காதோடு திருத்துவது போதாது என்று நினைக்கிறேன். உன் பெயரும் இதில் இல்லை, என் பெயரும் இல்லை. கதை தெரிந்தவர்களுக்கு யாரென்று தெரியும். அது போதும்.

நான் நிறைய வாசிக்கிறவள் என்று உன் நண்பர்களிடம் நீ பெருமையாகச் சொல்வாய். அதனால் யாராவது பெரியவர்கள் எழுதியதில் இருந்து ஒரு நல்ல வரியை எடுத்துத் தொடங்கலாமா என்று யோசித்தேன். பிறகு, நல்ல வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் பார்க்கிறேன் என்று தெரிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

உனக்குப் பத்து வயது, எனக்கு முப்பது. உன் அப்பா எங்களை விட்டு மெல்பேர்னுக்குப் போய் மூன்று வருடமாகியிருந்தது. பாரிசில் இருந்த பெரியண்ணா, உன் மாமா, பள்ளி விடுமுறைக்கு எங்களை வரச்சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் லா கூர்நேவில் அவருடைய ஐந்தாம் மாடி வீட்டில் மூன்று கிழமை இருந்தோம். அந்த வயதில் நீ எப்படி இருந்தாய் என்பது உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. மவுண்ட் ஆல்பர்ட் நிலையத்தில் ரயில் ஏறினால் நியூமார்க்கட்டில் எந்தப் பெட்டிக் கதவு படிக்கட்டுக்கு நேரே திறக்கும் என்று உனக்குத் தெரியும். எல்லர்ஸ்லியில் என் வேலையிடத்துக்குப் போக நான் வண்டி மாறி ஏறுவதற்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று காலையில் நீதான் எனக்குச் சொல்வாய். ரயிலுக்குப் பதிலாக பஸ் ஓடும் நாட்களில் தெருவில் நிற்கும் பெரியவர்களுக்கு வழி சொல்வாய். உன்னிடம் ஒரு நீலக் கொப்பி இருந்தது, அது முழுக்க நேர அட்டவணைகள். "மனசில வைச்சிருக்காதே, எழுதி வை. பிறகு எழுதினதைப் பார்" என்று அந்தப் பழக்கத்தை உனக்குச் சொல்லித் தந்தது நான். இது பிறகு முக்கியமாகிறது.

மோன் சான் மிஷேலுக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை. கடலுக்குள் நிற்கும் ஒரு பாறை, அதைச் சுற்றி ஊர், உச்சியில் மடாலயம், கடல் ஏறும்போது தீவு, இறங்கும்போது மணல் என்று நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தேன். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரரை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஊர் காட்டுவது வீட்டுக்காரரின் கடமை. அவர்களாக பஸ் பிடித்துப் போனால் கவனிக்கவில்லை என்று ஊர் சொல்லும். "அடுத்த கிழமை லீவு கேட்டு வேன் எடுக்கிறன் பிள்ளை. எல்லாரும் சேர்ந்து போவம். மாமி புளிச்சாதம் கட்டுவா" என்றார். அவர் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். சனி ஞாயிறுகளில் அவருக்குப் பகல் வேலை, லீவு கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். நீ அவர் முன்னால் கொப்பியை விரித்துவைத்து, "இல்லை மாமா, மோன்பர்னாஸில இருந்து ரென்னுக்கு ட்ரெயின், ரென்னில இருந்து பஸ், ஈஸி" என்றாய். அவர் உன் தலையில் தட்டி, "பாருங்கோவன், என்ர மருமோன் ஸ்டேஷன் மாஸ்டர்" என்று சிரித்து விட்டுக்கொடுத்தார்.

அட்டவணையை அவருடைய கணினியில் பார்த்து நீ எழுதினாய். கிழமைகளின் பிரெஞ்சுப் பெயர்களை அன்றைக்குத்தான் படித்தாய். வேலை நாட்களுக்கு ஒரு நிரல், சனிக்கிழமைக்கு ஒரு நிரல், ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் இன்னொன்று. அதை எனக்கு விளங்கப்படுத்தினாய். "வேலை நாளெண்டா கடைசி பஸ் பதினேழு முப்பத்தஞ்சு அம்மா. நாங்க சனிக்கிழமை போறம். அப்ப பதினாறு முப்பத்தஞ்சு. அதுக்குப் பிறகு இல்லை." பிறகு, "ட்ரெயின் உங்கட பொறுப்பு, பஸ் என்ர" என்றாய். ரயில் டிக்கெட்டுகளை என் கைப்பையில் வைத்தேன். மாமி நாங்கள் எத்தனை மணிக்கு எங்கே நிற்போம் என்று தனக்கும் எழுதிவைக்கச் சொன்னா. நீ பஸ் நேரங்களை இன்னொரு தாளில் எழுதி அவவின் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாய்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார். "நாளைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு ஒராள் வாறார். ஒன்பது மணிக்கு முன்னம் வந்திடுங்கோ" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்ன விதத்திலேயே விளங்கிவிட்டது. மனைவியை இழந்த ஒருவர், நல்ல வேலை, பிள்ளைகள் இல்லை, உன்னையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். கல்யாணப் பேச்சுக்கால் எங்கோ ஏற்கெனவே நடந்து, பாதி முடிந்தும் இருந்தது. நான் அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை. பின்னாளில் மாமா சொன்னதில் இருந்து அவர் நல்லவர் என்றுதான் தெரிந்தது. ஆனால் எனக்கு வேண்டாம். மூன்று வருடம் தனியாக இருந்து, வேலைக்குப் போய், வாடகை கட்டி, உன்னோடு நூலகத்துக்குப் போய்வந்து, எனக்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போயிருந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் என்னிடம் சொல் இல்லை. எங்கள் அப்பா காலமானபிறகு என்னைப் படிக்கவைத்தவர் பெரியண்ணா. அவர் முன்னால் நான் அதுவரை ஒரு தடவைகூட "வேண்டாம்" என்று சொன்னதில்லை.

எங்கள் ஆட்களிடம் கல்யாணத்தை மறுப்பதற்கு ஒரு வழி உண்டு, நீ அறிந்திருக்க மாட்டாய். சாதகம் பொருந்தவில்லை என்பார்கள். பெண்ணும் வேண்டாம் என்று சொன்னதில்லை, மாப்பிள்ளையும் வேண்டாம் என்று சொன்னதில்லை, யாருக்கும் முகம் வாடாது. ஆனால் இரண்டாம் கல்யாணத்துக்கு யாரும் சாதகம் கேட்பதில்லை. கிரகங்களின் தலையில் போட எனக்கு வழி இருக்கவில்லை. வேறு எதன் தலையிலாவது போடவேண்டும் என்று, இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ரயிலில் போகும்போதே தேடிக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்தப் பயணத்தின் முதல் பாதி நன்றாக இருந்தது. அதையும் நீ மறந்திருக்கக் கூடும், ஏனென்றால் நாங்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ரென் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பஸ் நிற்கும் இடம். நீ எனக்கு முன்னால் நடந்தாய், ஒரு தடவைகூட நிற்காமல் சரியான பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். சாரதியிடம் "போன்ஜூர்" என்று சொல்லி இரண்டு விரலைக் காட்டினாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் வயலும் மாடுகளும். பிறகு தட்டையான நிலத்தின் முடிவில் அந்தப் பாறை தெரிந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்து பார்த்தார்கள். பஸ் தீவுக்குள் போகாது, கரையில் இறக்கிவிடும். அங்கிருந்து இலவச வண்டி இருந்தது. ஆனால் நடக்கலாம் என்றாய். நீண்ட பாலத்தில் நடந்தோம். கடல் அப்போது தூரத்தில் இருந்தது. கீழே சாம்பல் நிற மணலில் ஒரு கூட்டம் வெறுங்காலோடு வழிகாட்டி ஒருவரின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மதில் மேல் உட்கார்ந்து மாமி கட்டித்தந்த ரோல்ஸ் சாப்பிட்டோம். ஒரு கடற்பறவை உன் கையில் இருந்த பாதியைப் பறித்துக்கொண்டு போனது. "ரூட்" என்று அதைத் திட்டினாய்.

மடாலயத்துக்குள் ஒரு பெரிய மரச் சக்கரம் இருக்கிறது, இரண்டு ஆள் உயரம். அந்த இடம் சிறையாக இருந்த காலத்தில் கைதிகள் சக்கரத்துக்குள் நடந்து நடந்து அதைச் சுழற்றி, பாறையின் பக்கவாட்டால் சாமான்களை மேலே இழுத்தார்களாம். நீ பையை என்னிடம் தந்துவிட்டு அதைப் பார்க்க ஓடினாய். நான் சுவரோரக் கல்லில் உட்கார்ந்தேன். அப்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும். பையின் வாய் திறந்திருந்தது. நீலக் கொப்பி மேலேயே இருந்தது, பென்சில் பெட்டியும் இருந்தது. உன் எழுத்தில், பென்சிலால், 16.35 என்று இருந்தது. நான் அழிறப்பரை எடுத்து ஆறை அழித்தேன். ஏழு என்று எழுதினேன். நீ ஏழுக்கு நடுவில் ஒரு சிறிய கோடு போடுவாய், நானும் போட்டேன். தாளில் கிடந்த துகளை ஊதிவிட்டு, கொப்பியை இருந்தபடியே வைத்தேன்.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. அந்த பஸ்ஸை நீ தவறவிடவில்லை. நான் தவறவைத்தேன்.

வாசிப்பதை இந்த இடத்தில் நிறுத்தவேண்டும் போல் இருந்தால் நிறுத்து. மிச்சம் எங்கேயும் போகாது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மடாலயத்துப் படிகளில் இறங்கும்போது, நீ நின்றாய். "அம்மா, நாலு முப்பத்தஞ்சு எல்லோ?" என்று கேட்டாய். உனக்குச் சரியாகத்தான் நினைவிருந்தது. நான், "கொப்பியைப் பார்" என்றேன். நீ கொப்பியை எடுத்துப் பார்த்தாய். சிறிது நேரம் பார்த்தாய். பிறகு, "ஓ, ஃபைவ் தேர்ட்டி ஃபைவ்" என்றாய். நான் சொல்லித்தந்தபடியே, உன் நினைவை விட்டுவிட்டு எழுதியதை நம்பினாய். இத்தனை வருடத்தில் எனக்கு மறக்காதது கொப்பியில் நான் எழுதிய ஏழு அல்ல, நீ அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சிறிது நேரம்.

ஐந்து மணிக்குக் கரைக்கு வந்தோம். பஸ் தரிப்பில் யாரும் இல்லை. கம்பத்தில் அட்டவணை ஒட்டியிருந்தது. நீ உன் விரலை வைத்து நிரல் நிரலாகப் பார்த்தாய், கொப்பியைப் பார்த்தாய், மறுபடி கம்பத்தைப் பார்த்தாய். வேலை நாள் நிரலில் 17.35 இருந்தது. "நான் பிழையான நிரலைப் பார்த்து எழுதிட்டன்" என்றாய். அழவில்லை. அழுதிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று தெரியாது. நான் உன் தோளில் கைபோட்டு, "பரவாயில்லை தம்பி, சின்னப் பிள்ளைதானே" என்றேன். நீ செய்யாத பிழைக்கு உன்னை மன்னித்தேன். பிறகு உன் முன்னாலேயே மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை நேரத்தைப் பிழையா எழுதிப்போட்டான் அண்ணா, இனி நாளைக்குத்தான் பஸ்" என்றேன்.  "சரி, வாறவருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். பிள்ளையை ஏசாதை" என்று அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். பிள்ளையின் பிழை என்றால் யாருக்கும் அவமானம் இல்லை. வரவிருந்தவருக்கும் இல்லை, மாமாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

கரையில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை கிடைத்தது. பொழுது சாயும்போது கடல் ஏறியது, பாறையைச் சுற்றித் தண்ணீர் வந்தது, அதைப் பார்க்கத்தான் உலகத்தின் மறுகோடியில் இருந்து வந்தோம். நான் ஜன்னலில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். நீ கட்டிலில் கொப்பியையும் தகவல் நிலையத்தில் எடுத்த பஸ் அட்டவணைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். மற்றவை எல்லாம் சரியாக இருந்தன. "இது ஒண்டுதான் பிழை" என்றாய். அடுத்த நாள் ரென் நிலையத்தில் கொப்பியை என் கையில் தந்து, "நீங்க ஒருக்காப் பாருங்கோ அம்மா" என்றாய். நான் வாங்கிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கொப்பியில் நீ எதுவும் எழுதவில்லை.

லா கூர்நேவுக்குத் திரும்பியபோது வீட்டில் ஒரு புதிய உதைபந்து இருந்தது. வந்தவர் உனக்காகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மாமா கதவைத் திறந்து, "வாரும் வாரும், ஸ்டேஷன் மாஸ்டர்" என்றார். அன்றைக்குத் தொடங்கியது அந்தப் பகிடி. ஆக்லாந்துக்கு அதைக் கொண்டுவந்தது நான். யாராவது பாரிஸ் பயணம் எப்படி என்று கேட்டால் சொல்லச் சிரிப்பான ஒரு கதை வேண்டும் அல்லவா? "தம்பி, கேக் வெட்டுற நேரமாவது சரியாத் தெரியுமோ?" என்று உன் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு வந்திருந்த ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், நீதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாய். "ஏர்போட்டுக்குப் போற நேரத்தை இவனைப் பார்க்க விடாதேங்கோ" என்று இன்னொருவர். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. பரீட்சைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் மண்டபத்துக்கு வெளியே நிற்கிறாய். எழுப்பும் மணியை மூன்று தடவை வைக்கிறாய், பிறகு என்னையும் எழுப்பச் சொல்கிறாய். எந்தப் படிவமானாலும், "நீங்க ஒருக்காப் பாருங்கோ." நான் அதைப் பொறுப்பு என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாகவும் இருந்தது. பத்தொன்பது வயது மகன் இன்னும் அம்மாவிடம் கேட்கிறான் என்று வேலையிடத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னபோதுதான், நான் அழித்த ஒரு எண் உன்னிடம் இருந்து எவ்வளவை அழித்திருக்கிறது என்று கண்டேன்.

நேற்று உனக்குச் சொல்ல முடியாமல் போனபிறகு, மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே அப்போது காலை. அவர் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். 

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில்.

"என்ன தெரியும்?"

"பெடியன் பிழையா எழுதேல்லை எண்டு. ஃபிரிட்ஜில ஒட்டின தாளில பதினாறு முப்பத்தஞ்சு எண்டுதானே இருந்தது. நீ போன் எடுக்கேக்க அதுக்கு முன்னாலதான் நிண்டு கதைச்சனான்."

"அந்தத் தாள்?"

"ஆள் வாறதுக்கு முன்னம் கிழிச்சுக் குப்பையில போட்டிட்டன். ஆராவது பார்த்தாக் கேப்பினம்."

"பிறகு ஏன் அண்ணா அவனை ஸ்டேஷன் மாஸ்டர் எண்டு பகிடி பண்ணினீங்கள்?"

"எல்லாரும் கேட்டவை. ஏதாவது சொல்லத்தானே வேணும்." பிறகு, "நீயும் சொன்னனிதானே" என்றார்.

ஓம், நானும் சொன்னேன். அன்றைக்கு நான் பால்கனியில் நின்று வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "கோவிச்சிருப்பன். ரெண்டு கிழமை உன்னோட கதைச்சிருக்க மாட்டன்." பிறகு, "அவ்வளவுதான் பிள்ளை. வேற என்ன செய்வன்?" என்றார். உனக்குத் தானே சொல்வதாகச் சொன்னார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். அவரிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்துவிட்டோம்.

இரண்டு கிழமைக் கோபம். அதற்குப் பயந்துதான் உன் கொப்பியில் கைவைத்தேன். உனக்கு நான் தரக்கூடிய புத்திமதி இதில் இருந்துதான் வரவேண்டும், வேறு எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒருவர் உன் மேல் கோபப்படப்போகிறார் என்றால், அந்தக் கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று முதலில் யோசித்துப் பார். பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவாகத்தான் இருக்கும். வேண்டாம் என்பதை வேண்டாம் என்ற சொல்லாலேயே சொல். சாட்டுக்கு ஒரு காரணம் தேடினால் அதைச் சுமக்க யாராவது வேண்டியிருக்கும், பக்கத்தில் இருப்பவர்களில் சின்ன ஆளாகப் பார்த்துத்தான் கை போகும். என்னிடமும் சொல். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், உனக்குத் தெரியும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

படிவத்தைப் பற்றி. ரென்னுக்குப் போ என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்த ஊர் பிடிக்கவில்லை, பாடங்கள் பிடிக்கவில்லை, இங்கே யாரையாவது விட்டுப் போக மனமில்லை என்றால் போகாதே. அவை உன் காரணங்கள். பஸ் உன் காரணம் அல்ல, அது என்னுடையது, அதை மட்டும் உன் கணக்கில் இருந்து எடுத்துவிடு. எடுத்தபிறகும் போக மனமில்லை என்றால் நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். படிவத்தைச் சரிபார்க்கத் தந்தால் வாங்கவும் மாட்டேன். அது கடினமாகத்தான் இருக்கும், எனக்கு.

போனால், அந்தத் தீவுக்கு ரென்னில் இருந்து ஒரே பகலில் போய்வரலாம். யாரையும் வேன் எடுத்துவரச் சொல்லத் தேவையில்லை. இப்போது நேரங்கள் மாறியிருக்கும், வண்டிகளும் மாறியிருக்கும், நான் தேடிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றுதான் பார்க்கவில்லை. கடல் ஏறும் நேரத்தையும் தனியாகப் பார்த்துக்கொள், அதற்கும் ஒரு அட்டவணை உண்டு, நாங்கள் போனபோது அது எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வழிகாட்டி இல்லாமல் மணலில் இறங்காதே, புதைமணல் உண்டு. மேலே காற்றுக் குளிராக இருக்கும், ஜாக்கெட் கொண்டுபோ. தண்ணீர் ஏறும்போது இந்தத் தடவை ஜன்னலுக்கு வந்து பார்.

இனி நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். வாசித்து முடித்ததும் "இட்ஸ் ஓகே, அம்மா" என்று சொல்லிவிட்டு உன் அறைக்குள் போகாதே. அது ஓகே இல்லை, எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வேலைக்கு லீவு எடுத்திருக்கிறேன். உனக்கு அன்றைக்குப் பதினொரு மணிக்குத்தான் வகுப்பு. காலை முழுக்கச் சமையலறையில் இருப்பேன். கேட்கவேண்டியதைக் கேள். கத்த வேண்டுமென்றால் கத்து, பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் பகலில் இல்லை. கோபம் அன்றோடு முடியாவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை கிழமை எடுத்தாலும் நான் இங்கேதான் இருப்பேன்.

அம்மா